ஆயுத பூஜைக்கு அச்சடித்த நிரல்

நீங்கள் நிரலைத் திரையில் உருட்டிப் பார்த்துப் பழகியவர்கள். விரலை மேலே தள்ளினால் மேலே ஓடுகிறது, கீழே இழுத்தால் கீழே வருகிறது. எத்தனை பெரிய நிரலானாலும் ஒரு நேரத்தில் உங்களுக்குத் தெரிவது ஒரு கைக்குட்டை அகலம்தான். நான் அதை இடுப்பில் ஏற்றிச் சுமந்திருக்கிறேன். மாடிப்படியில் பாதியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கியிருக்கிறேன். லிஃப்ட் கன்ட்ரோலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம், அந்த வேலையை விட்டு வந்துவிட்ட நான், அந்தப் பாரத்தைப் பற்றித்தான் பேச ஆசைப்படுகிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரி ஒன்று திரும்பினால் தெருவே நின்றுபோகும் ஒரு சந்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் லேத்து, தகடு வெட்டும் இயந்திரம், பெயின்ட் வாடை. லிஃப்டுக்கு மேலே இருக்கும் கன்ட்ரோலர் என்கிற இரும்புப் பெட்டியை அங்கே செய்தார்கள். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லும் நிரலை மாடியில் நாங்கள் சிலர் எழுதினோம். கீழே இரும்பு, மேலே எழுத்து. நடுவில் ஒரு படிக்கட்டு, அதில் எப்போதும் டீ சிந்திய தடம்.

அந்த வருடம் ஆயுத பூஜை நெருங்கியபோது என் நெஞ்சில் ஒரு கல் கிடந்தது. நூம்பலில் எங்கள் பெட்டி போட்ட ஒரு நாலு மாடிக் குடியிருப்பில், லிஃப்ட் எப்போதாவது ஒரு முறை தரைமட்டத்துக்கு ஒரு கையகலம் கீழே நின்று கதவைத் திறந்தது. எப்போதும் இல்லை, எப்போதாவது. நாங்கள் போய் நின்றால் சமர்த்தாக நடந்துகொள்ளும். நாலாவது மாடியில் கன்னியம்மா இருந்தார். சக்கர நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருநாள் முன்சக்கரம் அந்தக் கையகலப் பள்ளத்தில் விழுந்து நாற்காலி கவிழ்ந்தது. மகன் முருகன் முந்தானையைப் பிடித்து இழுத்ததால் முகம் தரையில் மோதவில்லை. அன்றே லிஃப்டைப் பூட்டிவிட்டோம். அதன் பிறகு முருகனும் அவன் தம்பியும் அம்மாவை நாற்காலியோடு தூக்கி நாலு மாடி இறக்கினார்கள், ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கி முடித்ததும் எனக்கு போன் வரும்.

"மேடம், ரெண்டாவது மாடில வெச்சி மூச்சு வாங்கிகினு எறங்கினோம். எங்கம்மா சிரிச்சிகினு வருது. 'நான் நாத்து நட்ட வயலு இது, இங்கயே எனக்கு ரெண்டு ஆளு பல்லக்கு தூக்குறாங்கடா'ன்னு நக்கலு வேற. எனக்குத்தான் கீழ படி தெரியல. ஒருநா நான் சறுக்கிட்டா இன்னா மேடம் பண்றது?"

பிழை நிரலில் எங்கோ இருந்தது. தேடித் தேடிக் கண் பூத்துப்போயிருந்தது.

அந்த நிலையில்தான் முதலாளி மாடிக்கு வந்து, பூஜைக்கு எங்கள் சாமான் எங்கே என்று கேட்டார்.

"கீழ லேத்துக்கு மாலை போட்டாச்சு. ட்ரில்லிங் மெஷினுக்குப் பொட்டு வெச்சாச்சு. உங்களது எங்கம்மா?"

"கீபோர்டு இருக்கே சார்."

"அது கடையில வாங்கினது. நீங்க செஞ்சது எங்க?"

மாவிலைத் தோரணத்தைத் தோளில் போட்டபடி பின்னால் நின்ற ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார். கீழ்த்தளத்தின் ஃபோர்மேன் அவர். எங்களைக் கேலி செய்வது அவருக்கு வெற்றிலை போடுகிற மாதிரி, அது இல்லாமல் பொழுது விடியாது.

"யக்கா, மேல இன்னாதான் பண்றீங்க நீங்கோ? ஏசி கீது, டீ வருது, குந்திகினே கீறீங்க. கண்ணுக்குத் தெரியற மாரி ஒண்ணு, ஒரே ஒண்ணு காட்டுங்களேன் பாப்போம்."

சுருக்கென்றது. சரி, அச்சடித்துவிடலாம் என்றேன். பூஜைக்கும் ஆயிற்று, காகிதத்தில் படித்தால் ஒருவேளை அந்த நூம்பல் பிழை கண்ணில் படலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

பில் அடிக்கிற பிரின்டர் அது. நாங்கள் கொடுத்ததைப் பார்த்து மிரண்டது. அடித்தது, சூடேறி நின்றது, இளைப்பாறியது, மறுபடி அடித்தது. தாள்கள் பொரித்த அப்பளம் போல வளைந்து, வெதுவெதுப்பாக வந்து விழுந்தன. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் எழுதியிருந்தார்கள்! திரையில் எல்லாம் ஒரே எழுத்து. காகிதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை தெரிந்தது. ஒருத்தர் தயங்கித் தயங்கி வலப்பக்கம் போகிறார். ஒருத்தர் மூச்சு விடாமல் பக்கம் பக்கமாக ஓடுகிறார். எல்லாருக்கும் முன்னால், இதைத் தொடங்கியவர், குட்டிக் குட்டி வரிகளில், ஒவ்வொரு அடியையும் மிதித்துப் பார்த்துவிட்டு அடுத்த அடி வைக்கிறார். அவர்தான் எனக்கு இந்த வேலையைக் காட்டியவர். வெளிநாடு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் நடந்துபோன ஈரத்தடம் இன்னும் காயாமல் இருப்பதுபோல எனக்குப் புல்லரித்தது.

வேலப்பன்சாவடியில் காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கட்டித் தருகிற கடைக்கு ஆட்டோவில் எடுத்துப்போனேன். கடைக்காரர் ஆட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்தக் காலேஜ் மேடம்?"

"காலேஜ் இல்லீங்க, கம்பெனி."

"எத்தினி காப்பி இது?"

"ஒரே காப்பிதான்."

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "எம்மாடியோ. இத எவன் படிச்சிப் பாஸ் ஆவறது?"

பூஜை அன்று ஸ்பைரல் போட்ட அந்தப் புத்தகங்களை லேத்துக்குப் பக்கத்தில் அடுக்கினோம். ஏகாம்பரம் அண்ணனின் இடுப்புக்கு வந்தது. கேலி செய்ய வாயெடுத்தவர் நின்றுவிட்டார். ஒரு புத்தகத்தைத் திறந்தார். வேறொன்றைத் திறந்தார். பெட்டிக்குள் நாங்கள் வைக்கிற சர்க்யூட் போர்டு ஒன்றை மேசையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இம்மாம் எழுத்தும் இதுக்குள்ளயா கீது?"

"ஆமாண்ணே."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். இத்தனை வருடம் அதை எழுதிய நான் ஒருநாளும் கும்பிட்டதில்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

வினை அந்த பக்தியில்தான் வந்தது. இவ்வளவு பெரிய சரக்கு எந்த மெஷினில் இருக்கிறதோ அந்த மெஷின் தூசியோடு இருக்கலாமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாங்கள் சுண்டலுக்குப் போயிருந்த நேரத்தில், கீழே லேத்துக்கு அடிக்கிற காற்றுக்குழாயை மாடிவரை இழுத்துவந்து, நிரல் முழுதும் இருந்த எங்கள் சர்வரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுத்தமாகக் காற்றடித்துவிட்டார். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். இரும்புக்கு அது ஒன்றும் செய்யாது. பூஜையின்போது எல்லா இயந்திரமும் ஓட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மணியடித்தார்கள். எல்லாவற்றையும் போட்டோம். சர்வரிலிருந்து புகை கிளம்பியது. சாம்பிராணிப் புகையோடு அது கலந்துபோனதால் யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. இன்னொரு பிரதி இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அதே சர்வரில் செருகிய இன்னொரு டிஸ்கில். அதுவும் சேர்ந்து எரிந்தது. சரக்கு வெளியே போய்விடும் என்ற பயத்தில் முதலாளி எங்கள் அறைக்கு இன்டர்நெட் வைக்கவே இல்லை. எங்கள் மேசைகளில் இருந்தவை வெறும் திரைகள். டிஸ்கை எடுத்துக்கொண்டு ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஓடுகிற போர்டுகளுக்குள் நிரல் இருக்கிறதே என்றால், அது நாங்கள் எழுதியதை எண்களாக்கி இயந்திரத்துக்குச் சமைத்துக் கொடுத்த வடிவம். சாம்பாரிலிருந்து துவரம்பருப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

மிஞ்சியது, மாலை போட்டு வைத்த அந்தக் காகிதம் ஒன்றுதான்.

ஏகாம்பரம் அண்ணன் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடி சுருட்டினார். "நான் சுத்தம்தானேக்கா பண்ணேன்" என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, "எத்தனை வீட்டுல நம்ம பெட்டி ஓடுது? நாளைக்கு ஒண்ணு நின்னா யாருக்கு என்னன்னு பதில் சொல்றது?" என்றார். எனக்கு ஒரு வீடுதான் நினைவில் இருந்தது. நூம்பல், நாலாவது மாடி. நிரலோடு பிழையும் போய்விட்டது. இனி அதைத் தேட அந்தக் காகிதம் ஒன்றுதான் இடம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. நாங்கள் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி. ஊரெல்லாம் பிள்ளைகளை அரிசியில் எழுதவைக்கிற காலையில், நாங்கள் முதல் புத்தகத்தின் ஸ்பைரலை உருவினோம்.

ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரையே படிக்கவைத்துப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். டோனர் மங்கிய எழுத்து. பூஜ்யமும் ஆங்கில ஓவும் ஒன்றாகிவிட்டன, எண் ஒன்றும் ஆங்கில எல்லும் ஒன்றாகிவிட்டன. பிழை என்று தெரிகிற பிழையோடு வாழலாம். சரிபோல இருக்கிற பிழையோடு லிஃப்ட் ஓட்ட முடியாது. ஆகவே ஒருவர் உரக்கப் படிப்பது, ஒருவர் தட்டுவது. வாடகைக்கு கம்ப்யூட்டர்கள் வந்தன. படிக்க ஆள் போதவில்லை. கீழ்த்தளத்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்கள்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அவர்களுக்குக் குறிகளின் பெயர் தெரியாது. தாங்களே பெயர் வைத்தார்கள். வளைந்த அடைப்புக்குறிக்கு மீசை. அரைப்புள்ளிக்கு வாலு. "மீசை தொற... வாலு... வாலு... மீசை மூடு!" "டேய் மாமே, எந்த மீசைடா மூடற, இன்னும் ரெண்டு மீசை தொறந்தே கீது!" ஒரு அறை முழுக்க, பல தொண்டைகளில், நாங்கள் மௌனமாக எழுதியது எல்லாம் சத்தமாகிக்கொண்டிருந்தது. கோயில் பிராகாரத்தில் நுழைந்ததுபோல நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன்.

ஒரே ஒரு விதி வைத்தேன். உள்ளது உள்ளபடி. தப்பாகத் தெரிந்தாலும், அசிங்கமாக இருந்தாலும், காகிதத்தில் இருப்பதையே தட்ட வேண்டும்.

எங்கள் அணியில் இருந்த தேவிக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு ஏகாம்பரம் அண்ணன் படித்தார். லிஃப்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்ல, அது ஏறி இறங்கும் தண்டவாளத்தின் ஓரத்தில் காந்தக் கண் என்று ஒரு சென்சார் உண்டு. நிரலைத் தொடங்கியவர் அந்தக் கண்ணைக் கேட்கும் இடத்தில் எல்லாம் விசித்திரமாக ஒன்று செய்திருந்தார். ஒருமுறை கேட்பார், வந்த பதிலைத் தூக்கிப்போடுவார், மறுபடி கேட்பார்.

"மேடம், இது சுத்த வேஸ்ட்" என்றாள் தேவி. "ஒரு தடவ கேட்டா போதாதா? அழிச்சுடறேன்."

"தொடாதே."

வெளிநாட்டில் இருந்தவருக்கு போன் போட்டேன். ஏன் என்று கேட்டேன். "நானா அப்படி எழுதினேன்? நினைவில்லையேம்மா. ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். காரணம் அவருக்கே மறந்துவிட்டது. வரி மறக்கவில்லை.

அந்த மூன்று வரியும் வந்துகொண்டே இருந்தன. ஏகாம்பரம் அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்ததும், "பாத்தான், மறந்தான், பாத்தான்" என்று ஒரு இழுப்பு இழுப்பார். தேவியின் தலை அதற்கு ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவர் முதல் வரியை எடுத்ததுமே அவள் விரல்கள் மற்ற இரண்டையும் தட்டி முடித்துவிடும்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ஏகாம்பரம் அண்ணனின் குரல் நின்றது.

"இன்னாம்மா அது, நான் படிக்காததெல்லாம் அடிச்சிகினு போற?"

"நீங்கதானண்ணே படிச்சீங்க. பாத்தான், மறந்தான், பாத்தான்."

"நான் எங்க படிச்சேன்? இங்க ஒரு தபாதான் பாத்தான். மறக்கவே இல்ல."

நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். தாளில் ஒரு முறைதான் இருந்தது. கேட்பது, அப்படியே நம்பிவிடுவது. வெகுநேரம் சும்மா நின்ற லிஃப்டை மறுபடி கிளப்பும் இடம் அது. பின்னால் வந்த யாரோ சேர்த்த பகுதி. யார் கை என்று நான் தேடவில்லை. தேவி என்னைப் பார்த்தாள். அவள் விரல்கள் இன்னும் விசைகளின் மேல் இருந்தன. அவளுக்கே தெரியாமல் அவள் விரல்கள் சரியாக எழுதிவிட்டிருந்தன.

கீழே ஓடிப்போய் ஒரு காந்தக் கண்ணை மேசையில் வைத்துச் சோதித்தோம். சும்மா விட்டுவிட்டு முதலில் கேட்டால், அது பழைய பதிலைச் சொன்னது. முன்பு எங்கே இருந்ததோ அந்த இடத்தை. இரண்டாவது முறை கேட்டால்தான் உண்மையைச் சொன்னது. நூம்பல் லிஃப்ட் அந்தப் பழைய பதிலை நம்பித்தான் ஒரு கையகலம் கீழே நின்றது.

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். பிழை கிடைத்துவிட்டது. திருத்தம் தேவியின் திரையில் ஏற்கனவே இருக்கிறது. அதை அழிக்கச் சொன்னேன்.

"மேடம்!"

"காகிதத்துல இல்லாதது வேண்டாம். தாளில் ஒரு குறி மட்டும் போட்டு வை."

முதலாளி மேலே வந்தார். "தெரிஞ்சுபோச்சு இல்ல? போட்டுட்டு நாளைக்கே போய் லிஃப்டைத் திறந்துவிடும்மா. அந்த நூம்பல் பையன் என் நம்பரையும் கண்டுபிடிச்சுட்டான்." அதே நாள் முருகனும் அழைத்தான். அன்று தம்பி வேலைக்குப் போய்விட்டதால், பக்கத்து வீட்டுக்காரரோடு அம்மாவை இறக்கியிருக்கிறான். அவர் வயதானவர், கையில் வலுவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து, கன்னியம்மாவின் முழங்கை சிராய்த்துவிட்டது. "தப்பு தெரிஞ்சிடுச்சின்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அப்புறம் எதுக்கு மேடம் பூட்டியே வெச்சிகினு கீறீங்கோ?" அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டான்.

மனதில் இருந்தது இது: நாங்கள் தட்டியது நாங்கள் இழந்ததுதானா என்று எனக்கு இன்னும் தெரியாது, தம்பி. ஒரு பிழையைத் திருத்தி, தெரியாத பத்துப் பிழைகளோடு உன் அம்மாவை உள்ளே அனுப்பமாட்டேன். இதை அவனிடம் இப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்றேன். அவன் வைத்துவிட்டான். மறுநாள் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு வலுவான ஆட்களை, நாற்காலியைத் தூக்க, ஏகாம்பரம் அண்ணனே நூம்பலுக்கு அனுப்பினார். டயாலிசிஸ் நாள் தவறாமல் அவர்கள் போனார்கள்.

என் யோசனை இதுதான். ஸ்டாக்கில் அதே நிரல் பதித்த ஒரு பழைய போர்டு இருந்தது. நாங்கள் தட்டியதை முழுசாகச் சமைத்து, போர்டில் இருப்பதோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட வேண்டும். தப்பும் சேர்ந்து அப்படியே பொருந்தினால்தான், இழந்தது திரும்பி வந்தது என்று பொருள். அதற்கு அந்தத் தப்பும் வேண்டியிருந்தது.

முதல் ஒப்பீட்டில் பொருந்தாத இடம் எல்லாம் சிவப்பாக வந்தது, திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு சிவப்பையும் பின்தொடர்ந்துபோனால் ஒரு விடுபட்ட வாலு, ஒரு மாறிய எண். கணக்குப் பிரிவு அக்கா பூஜைக்காக ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவியிருந்தார். ஒரு மூலையில் மஞ்சளுக்கு அடியில் ஒரு எண் போயே போய்விட்டது. ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்து, பொருந்துகிற எண்ணைக் கண்டுபிடித்தோம். சிவப்பு குறைந்தது. நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் ஒரு காலை, தேவி ஒப்பீட்டை ஓடவிட்டாள். திரையில் ஒரு சிவப்பும் இல்லை.

கீழ்த்தளமே மேலே வந்திருந்தது. லேத்துகூட அந்த நேரம் ஓடவில்லை. புலவர்கள் இல்லை, ஓதுவார்கள் இல்லை, லேத்து ஓட்டுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் வாய்விட்டுப் படித்த எழுத்து, ஒரு புள்ளி மாறாமல், தன் பழைய உடம்புக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. ஏகாம்பரம் அண்ணன் திரையைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டார். "வாணாம். நான் தொட்டா இன்னா ஆவுமோ" என்றார். தேவி அவர் கையைப் பிடித்துத் திரையில் வைத்தாள்.

பிறகுதான் திருத்தினோம். விடுபட்ட இரண்டு வரிகள். அவ்வளவே.

நூம்பலில் முதலில் எடைக்கற்களை ஏற்றி ஓட்டினோம். சும்மா நிற்கவிட்டு ஓட்டினோம், கரண்டை நிறுத்தித் திரும்பப் போட்டு ஓட்டினோம். அப்புறம் நானும் ஏகாம்பரம் அண்ணனும் ஏறினோம். எல்லாம் முடிந்த பிறகு முருகனுக்குத் தலையாட்டினேன்.

கன்னியம்மா ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மகனைத் திட்டிக்கொண்டே வந்தார். "குழா மூடினியாடா? போன தபா நீ தொறந்துட்டு வந்து, ஊடே கொளமாயி கீது." முருகன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளினான். அந்த முன்சக்கரங்கள் தரையிலிருந்து லிஃப்டுக்குள் போகும் இடத்தில் நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன், என்னை அறியாமல். அத்தனை காகிதம், அத்தனை தொண்டை, அத்தனை பேர் நடந்துபோன தடம், எல்லாம் அந்த விரல்கடை இடுக்கில் வந்து நின்றன. சக்கரம் உருண்டது. ஒரு சிறு குலுக்கல்கூட இல்லை. மடியிலிருந்த பை அசையவில்லை. கன்னியம்மா குழாயைப் பற்றிய பேச்சை நிறுத்தவே இல்லை.

உள்ளே திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அவர் என்னைக் கவனித்தார்.

"இன்னாம்மா கீழ குந்திகினு தேடற? எதுனா உயுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழலம்மா" என்றேன்.

கதவு மூடியது.